சோனிக்கில் குளித்த கம்மல்

போன வாரம் திருவள்ளூர் பஜாரில் ஒரு நகைக்கடையில் நான் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மகளுக்குக் கொலுசு வாங்கப் போயிருந்தேன். பில் போட நேரமாகும் என்று உட்கார வைத்து, கையில் ஒரு ஜூஸ் பாக்கெட்டையும் கொடுத்திருந்தார்கள். கவுன்டரில் நின்ற பெண் வேலைக்குப் புதிது போலிருக்கிறது, யூனிஃபார்ம் புடவையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. என் காதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மேடம், கம்மல்ல அழுக்கு சேந்திருக்கு. கழட்டிக் குடுங்க, மெஷின்ல போட்டுத் தரேன். ஃப்ரீதான்" என்றாள். ஃப்ரீ என்றால் என் கை என்னைக் கேட்பதில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அவள் மூலையில் இருந்த சின்ன எவர்சில்வர் தொட்டியின் ஸ்விட்சைத் தட்டினாள். 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. அவ்வளவுதான். ஜூஸ் ஒரு பக்கம், கைப்பை ஒரு பக்கம் பறக்க, எழுந்து ஓடி, அவள் விரல் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த கம்மலைப் பிடுங்கிக்கொண்டேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி உள்ளே இரண்டு எட்டு எடுத்து வைத்தார். என் வயதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன்.

"தண்ணி ஆவாதும்மா இதுக்கு" என்றேன் மூச்சு வாங்க.

அந்தப் பெண் கோபப்படவில்லை. குனிந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள். "சூப்பரா இருக்கு மேடம். பரம்பரை நகையா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றால் சரியா, இல்லை என்றால் சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு கம்மலைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இந்த முழி முழிக்கிறாளே என்று அவள் நினைத்திருப்பாள். அந்தக் கேள்வி எங்கள் அம்மாவிடம் ஒருமுறை வந்திருக்கிறது. அது வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

அந்த 'ஙொய்ய்' சத்தத்தில் இருந்தே தொடங்குகிறேன். அதை முதலில் எங்கள் நைனா வாயால்தான் கேட்டேன். நைனா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருந்தார். சின்னச் சின்ன இரும்புக் குழல்களைக் கடைந்து எங்கோ அனுப்புகிற கம்பெனி. சட்டையில் எப்போதும் கூலன்ட் ஆயில் வாசனை அடிக்கும். அம்மா எவ்வளவு துவைத்தாலும் போகாது, எங்கள் வீட்டுத் தலையணைக்கெல்லாம் அந்த வாசனைதான். இப்போதும் ஏதாவது லேத் பட்டறையைத் தாண்டிப் போனால் எனக்குத் தூக்கம் வரும்.

அந்தக் கம்பெனியில் கடைந்த சாமான்களைக் கழுவ ஒரு தொட்டி வந்தது. அதை எல்லோரும் சோனிக் என்றார்கள். சோப்புத் தண்ணீரில் சாமானைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால், கை படாமல் தண்ணீர் தானே அதிர்ந்து அழுக்கைக் கழற்றிவிடும். நைனாவுக்கு அந்தத் தொட்டி மேல் ஒரு மயக்கமே இருந்தது. "உள்ள போடும்போது கரி மாரி இருக்கும். வெளிய எடுத்தா குளிப்பாட்டன கொயந்த மாரி வருது" என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார். தன் கைக்கடிகாரத்தின் செயின், மேரியக்கா வீட்டு சிலுவை டாலர், பக்கத்து வீட்டு ஸ்டவ் பர்னர் என்று அதில் குளித்து வந்த பொருள்கள் பல. மேரியக்கா எங்கள் லைன் வீட்டில் அடுத்த போர்ஷன். டாலர் பளபளத்ததில் இருந்து அவரும் நைனா கட்சி.

அம்மா மட்டும் அந்தக் கட்சியில் சேரவில்லை. "ஒங்க பேஜாரு புடிச்ச தொட்டிக்கு என் கம்மலு கெடையாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அம்மா பேர் கன்னியம்மா. ஆரணி ஆற்றுப் பக்கம் கழனிகளில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய அம்மாவும் நட்டவர், மாமியாரும் நட்டவர். சிப்காட்டில் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாலு பேரோடு கவரைப்பேட்டையில் பஸ் ஏறிப் போய் வரிசையில் நின்று வேலை வாங்கியவர். கொதிகலனில் எவ்வளவு அழுத்தம் என்று முள் காட்டும் வட்டமான மீட்டர்கள் செய்யும் கம்பெனி அது. அதன் கண்ணாடியைக் கடைசியாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பது அம்மாவின் வேலை. தன்னுடைய வேலையை அவர் 'பேக்கிங்' என்று சொல்லமாட்டார். "நான் பாத்து உட்டாத்தான் வெளிய போவும்" என்பார்.

அந்த வேலையில் சில தீபாவளி போனஸ்களைத் தொடாமல் வைத்து அம்மா வாங்கியதுதான் இந்த ஏழு கல் சிவப்புக் கம்மல். நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு. கும்மிடிப்பூண்டி பஜாரில் வாங்கினார். வாங்கி வந்த அன்று லைன் வீட்டின் பெண்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். அம்மா கதவருகே வெளிச்சத்தில் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். அன்றைக்கு அம்மாவை அழகு என்று முதன்முதலாக நினைத்தேன். அதுவரை அம்மாவை அப்படிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. கம்மலைப் பார்த்துப் பொறாமையும் பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கியாயிற்று. எப்படிச் சுத்தம் செய்வது? இதில்தான் சிக்கல். மற்ற வீடுகளில் கல் நகை வரும்போது அதை எப்படிப் பேணுவது என்பதும் கூடவே வந்துவிடும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முன்னால் யார் காதிலும் கல் இருந்ததில்லை. காது தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தவர்களிடம் போய் இதைக் கேட்கவா முடியும்? ஆனால் யோசனைக்குப் பஞ்சமில்லை. கல் கம்மலே போட்டிராத அத்தனை பேரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒருவர் பற்பசை என்றார், ஒருவர் திருநீறு என்றார், ஒருவர் புளித் தண்ணீரில் கொதிக்க வை என்றார். மேரியக்கா ஆப்பசோடா. நைனா சோனிக்.

அம்மா யார் பேச்சையும் கேட்கவில்லை. கம்பெனியில் மீட்டர் கண்ணாடியைத் துடைத்த மாதிரியே கம்மலையும் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் மேசைமேல் வெள்ளைத் துண்டை விரிப்பார். கல் விழுந்தால் வெள்ளையில் தெரிய வேண்டுமாம். பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியின் முனையை நனைத்து, பிழிந்து, மறுபடியும் பிழிந்து, கல்லின் முகத்தை மட்டும் ஒற்றி எடுப்பார். தேய்க்கவே மாட்டார். இடுக்கில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்குக் குழந்தைகளின் பல் பிரஷ், அதுவும் சும்மா தொட்டுத் தொட்டு. பிறகு காய்ந்த துணி. வாயால் ஊதவே கூடாது. "எச்சி தெறிக்கும். கம்பெனில ஊதுனா சூப்பர்வைசரு வரிசய உட்டு வெளிய நிறுத்திருவாரு" என்பார். அந்தச் சூப்பர்வைசர் எங்கள் வீட்டு மேசைக்கும் சூப்பர்வைசராக இருந்தார், பாவம், அவருக்கே தெரியாமல்.

வெளியே கிளம்பும்போதும் ஒரு சட்டம் உண்டு. "மொதல்ல பவுடரு, அப்பால செண்ட்டு, அப்பால பூவு, கடைசிலதான் கம்மலு. கயட்டும்போது மொதல்ல கம்மலு." வந்ததும் வியர்வையைத் துடைத்து, பஞ்சு வைத்த டப்பாவில் தனியாக வைப்பார். வேறு நகையோடு சேர்த்தால் ஒன்றையொன்று கீறும் என்பார். சேர்க்க வேறு நகை எங்கே இருந்தது என்று நான் கேட்டதில்லை, கேட்டால் அடி விழும்.

கல்லை முக்கி எடுக்கக் கூடாது என்பதை மட்டும் கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். அந்த மாதிரிக் கம்மலில் கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கும். உள்ளே, கல்லுக்கு அடியில், ஜொலிப்பதற்காக ஒரு மெல்லிய மினுங்கும் தாள் வைத்திருப்பார்கள். கல்லின் பாதி அழகு அந்தத் தாளுடையது. தண்ணீர் உள்ளே இறங்கினால் தாள் கறுத்துவிடும், கல் செத்துவிடும். நைனாவுக்கும் இது சொல்லப்பட்டதுதான். ஆனால் அவருக்கு அந்தத் தொட்டியில் இருப்பது சாதாரணத் தண்ணீர் என்றே தோன்றவில்லை போலிருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. பெரிய வீடு என்றால், அம்மா முன்பு நாற்று நட்ட கழனிகளுக்குச் சொந்தக்காரர் வீடு. அந்த வீட்டம்மா தன் கடைசி மகன் கல்யாணத்துக்கு, மஞ்சள் குங்குமத்தோடு, எங்கள் லைன் வீட்டுக்கே வந்து பத்திரிகை வைத்தார். அதற்கு முன் அந்த வீட்டில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் அம்மா போயிருக்கிறார், பாத்திரம் தேய்க்க. பத்திரிகை வைத்துக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அவர் போனதும் அம்மா பத்திரிகையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "கம்மலு போட்டுக்கினு போய் முன்வரிசைல குந்துவேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மா தனக்கென்று எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள். அம்மா கம்பெனியில், நானும் வேலையில். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஷிஃப்டுக்குப் போன நைனா கம்மல் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பெண்டாட்டி பெரிய வீட்டுக்குப் போகிறாள், சும்மா துடைத்தால் போதுமா என்று நினைத்திருக்கிறார். நாங்கள் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா பண்ணீங்க?"

நைனா டப்பாவை நீட்டினார். தங்கம் என்னவோ கண்ணைப் பறித்தது. அப்படியொரு பளபளப்பை அது வாங்கின அன்றைக்குக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு கம்மலிலும் ஏழு கல்லும் போய்விட்டன. சிவப்பு பழம்புளி நிறத்துக்கு இறங்கி, உள்ளே வெளிச்சமே இல்லை.

"ஈரம் காஞ்சா வந்துரும்" என்றார் நைனா, அவருக்கே நம்பிக்கையில்லாமல். ஃபேன் அடியில் வைத்துப் பார்த்தோம். மேரியக்கா அரிசிப் பானையில் புதைக்கச் சொன்னார், புதைத்தோம். "கம்பெனில ஒரு ஓவன் கீது..." என்று நைனா ஆரம்பித்தார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் அம்மாவும் நானும் பஜாருக்கு ஓடினோம். நகை வேலை செய்பவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி உள்ள எறங்கிடுச்சி. ஒவ்வொரு கல்லயும் எடுத்துட்டு புதுத் தாளு வெக்கணும். ஒரு வாரம் ஆவும்மா" என்றார். கல்யாணம் மறுநாள் காலை.

வீட்டுக்கு வந்தால் நைனா சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார். மேரியக்கா தன் தங்கையின் வெள்ளைக் கல் தோட்டை வாங்கி வந்து நீட்டினார். நல்ல தோடு, யார் கண்ணும் குறை சொல்லாது. "போட்டுக்கினு போ கன்னிம்மா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். நானும் அதையேதான் சொன்னேன். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்னுது இதான். இத போட்டுக்கினுதான் போவேன்" என்றார். பிறகு நைனா பக்கம் திரும்பி, "எழுந்து வந்து சோறு துன்னுங்க. கல்லுதான போச்சி" என்றார்.

மறுநாள் பக்கத்தில் இருக்கும் ஆரணியில் மண்டபம். அம்மா மாம்பழக் கலர் புடவை. சொன்ன மாதிரியே முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. சுற்றிலும் உட்கார்ந்திருந்த பெண்களின் காதும் மூக்கும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டிருந்தன. அம்மாவின் ஒவ்வொரு காதிலும் ஏழு இருட்டு. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அம்மா பக்கத்தில் சாய்ந்து சாய்ந்து மறைத்தேன். "ஏன்டி மேல சாயற" என்று முழங்கையால் இடித்தார்.

பெரிய வீட்டம்மா சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார். அம்மாவுக்குச் சந்தனம் கொடுத்தவர், சட்டென்று நின்று, அம்மாவின் காதை லேசாகத் தொட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கன்னியம்மா, பழங்கல்லு மாரி இருக்கே. இந்த மாரி எங்க மாமியாருகிட்டதான் பாத்திருக்கேன். ஒன் மாமியாரோடதா? பரம்பரை நகையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் மரியாதை ஏறுவதை நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சோனிக் தொட்டியைக் கும்பிடத் தோன்றியது. கறுத்துப்போன கல்லைப் பழைய கல் என்று நினைத்துவிட்டார்கள்! 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை போதும். ஒரு நிமிஷத்தில் எங்களுக்கும் ஒரு முந்தைய தலைமுறை கிடைத்துவிடும், காதில் கல்லோடு. 'ஆமான்னு சொல்லும்மா' என்று மனசுக்குள் கத்தினேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லம்மா. எங்க மாமியாருக்கும் இல்ல, எங்கம்மாவுக்கும் இல்ல. அவுங்க ஒங்க கயனில நட்டாங்க, காதுல குச்சிதான் வெச்சிருந்தாங்க. இது நான் வாங்குனது. கம்பெனி வேலைல வாங்குனது. புதுசு. எங்க ஊட்டுக்காரரு பளபளன்னு ஆக்கறேன்னு கம்பெனி மெஷின்ல போட்டு இப்டி பண்ணிட்டாரு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தார், அப்புறம் அந்த வரிசையே சிரித்தது. அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் நைனா எதுவும் காதில் விழாத மாதிரி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வீட்டம்மா சிரிக்கவில்லை. இன்னும் ஒருமுறை கம்மலைப் பார்த்தார்.

"நீயே வாங்குனதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடைல வாங்குன? தங்கம் நல்லாருக்கே" என்று கேட்டார்.

அம்மா கடையின் அடையாளத்தை விலாவாரியாகச் சொன்னார். இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருந்ததை நான் இன்றைக்கும் அப்படியே பார்க்கிறேன். அந்தப் பெருமையில் அன்று பாயசம் மூன்று தடவை வாங்கிக் குடித்தேன்.

பிறகு கல்லெல்லாம் எடுத்துப் புதுத் தாள் வைத்து, கம்மல் பழையபடி சிவந்தது. நைனா தன் பங்குக்கு ஒன்று செய்தார். கம்பெனியில் மிஞ்சிய வெள்ளை நைலான் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, லேத்தில் கடைந்து, மேலே இரண்டு துளை போட்டுக் கொண்டுவந்தார். துளையில் கம்மலின் தண்டைச் செருகினால் கல் முகம் மேலே பார்த்து நிற்கும். பின்பக்கம் ஒரு சொட்டு ஈரம் போகாது, திருகாணி வைக்க ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் வேறு. அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, தன் கம்பெனியில் செய்கிற மாதிரி விளிம்பை விரலால் தடவிப் பிசிறு இருக்கிறதா என்று சோதித்து, "பாஸ்" என்றார். நைனாவுக்கு அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் கிடைத்ததில்லை.

என் கல்யாணத்தில் கம்மலும் நைலான் கட்டையும் எனக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் துண்டை விரிக்கிறேன். பூந்திக்கொட்டையும் பல் பிரஷும் அதேதான். வரவர சோம்பேறித்தனத்தில் மாதத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது, அதனால்தான் கடைக்காரப் பெண் கண்ணில் அழுக்குப் பட்டது.

இத்தனையும் அந்தக் கடையில், கம்மலைக் கையில் மூடிக்கொண்டு நின்றபடி, ஒரு நொடியில் ஓடியது. அந்தப் பெண் இன்னும் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இரும்மா" என்று சொல்லிவிட்டு, கவரைப்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். எதையும் விளக்கவில்லை.

"யம்மா, நகைக்கடைல நிக்கறேன். இங்க ஒரு பொண்ணு கம்மலப் பாத்துட்டு பரம்பரை நகையான்னு கேக்குது. இன்னா சொல்லட்டும்?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்துக்கு நடுவே அம்மா சிரித்தார்.

"ஆமான்னு சொல்லுடி. அன்னிக்கி நான் சொல்லியிருந்தா பொய்யி. நீ சொன்னா நெசம்."

சொன்னேன். "ஆமாம்மா. பரம்பரை நகைதான். எங்கம்மாவுல இருந்து ஆரம்பம்" என்றேன். அந்தப் பெண் தலையாட்டிவிட்டுக் கொலுசுப் பையை நீட்டினாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று உறைத்தது. நைனா இல்லை. அவருடைய கம்பெனி மூடி, அந்த ஷெட் இப்போது யாருடைய சரக்கோ அடுக்கும் கிடங்கு. அம்மா நட்ட கழனியில் லாரிகள் நிற்கின்றன. அதற்கெல்லாம் நான் எப்போதோ தயாராகிவிட்டேன். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்து, "இல்லம்மா, புதுசு, நான் வாங்குனது" என்று இந்தக் கம்மலைக் காட்டிச் சொல்ல இனி எங்கள் வீட்டில் யாராலும் முடியாது. அது அம்மா ஒருத்தியால் மட்டும் முடிந்தது.